நாத்தனார் வாங்கி வந்த மீன் தட்டு

கல்யாணமான முதல் வருடம், நாத்தனார் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்வந்து, பீங்கான் படகு ஒன்றைத் தம்பி மனைவியான தையல்காரியின் கையில் வைத்தாள். பக்கவாட்டில் தங்க எழுத்தில் ஊர்ப்பெயர். புது மருமகள் வேறென்ன சொல்வாள்? “ரொம்ப அழகா இருக்கு அண்ணி” என்றாள். நுணலும் தன் வாயால் கெடும்.

நாத்தனார், தையல்காரியின் கணவனுக்கு அக்கா; தனி ஆள். பத்தொன்பது வருடமாக விடுமுறைக்கு ஒரு கடற்கரை, கடற்கரைக்கு ஒரு பீங்கான். தொப்பி போட்ட கழுதை, கலங்கரை விளக்கம் வரைந்த உப்புக் குப்பி, சிரிக்கிற நண்டு. அலமாரிகள் நிரம்பித் துணி வெட்டும் மேசையும் பறிபோனது. தையல்காரி கட்டிலில் துணியை விரித்து, மண்டியிட்டு வெட்டினாள். எதையாவது பெட்டிக்குள் போட்டால், ஞாயிற்றுக்கிழமை வரும் நாத்தனாரிடமிருந்து கேள்வி வரும்: “நண்டு எங்கம்மா?”

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். “அக்கா ஆசையா வாங்கிட்டு வர்றா. விடேன்” என்றான்.

இந்த முறை வந்தது மீன் தட்டு. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அகலம். அன்று காலைதான் மெத்தை அமுங்கிக் கத்தரி கோணி, வாடிக்கைக்காரியின் பட்டு வீணாகியிருந்தது.

“அண்ணி, எனக்கு இதெல்லாம் பிடிக்காது. முதல்லேருந்தே பிடிக்காது.”

நாத்தனார் தட்டைச் சுற்றியிருந்த தாளை மடித்துக்கொண்டே, “தெரியும்” என்றாள். “நீ தூசி தட்டுற லட்சணத்துலயே தெரியும். ஆனா அங்க போய் நான் என்ன பண்றது, சொல்லு. எல்லாரும் குடும்பம் குடும்பமா வந்திருப்பாங்க. நான் கடை கடையா ஏறி, உனக்கு எது வாங்கலாம்னு பார்ப்பேன். யாருக்குன்னு கடைக்காரங்க கேப்பாங்க. தம்பி பொண்டாட்டிக்குன்னு சொல்வேன். அதுலயே பொழுது போயிடும்.”

தையல்காரிக்குக் கோபம் தீரவில்லை. அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

“அடுத்த வருஷம் வேணாம்னா சொல்லிடு” என்றாள் நாத்தனார், நிமிராமல்.

வேணாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“சின்னதா வாங்குங்க அண்ணி.”

“சின்னதுல நல்லதா கிடைக்கிறதில்லம்மா.”

மாலையில் கணவன் வந்து தட்டைப் பார்த்தான். முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தான். நேரே படுக்கையறைக்குள் போய், கட்டிலுக்கு மேலே சுவரில் சாண் போட்டு அளந்தான்.

“ரெண்டு ஆணி அடிச்சா கச்சிதமா உக்காந்துடும். சுத்தியலை எடுத்துட்டு வா” என்று குரல் கொடுத்தான்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள்.