தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர்

தேவாலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பாரம்பரியக் கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி வருகிறார் என்றதும், தேவாலயத்துக்குப் புது பெயிண்ட் அடிக்க வைத்துவிட்டார்.

பங்குத்தந்தை தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பாரம்பரியப் பட்டியல்ல வந்தா கோயில் பிழைச்சுது. வரலைன்னா இடிச்சிட்டு கான்கிரீட்தான்." இருபத்திரண்டு வருடமாகத் தேவாலய மணியை அடிப்பவர் கோயில்பிள்ளை. 'இடிச்சிட்டு' என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பெயிண்டரான தன் மைத்துனனைப் பிடித்து, நாலே நாளில் சுவரெல்லாம் பளபளவென்று ரோஸ் நிறம் பூசவைத்தார்.

அதிகாரி அம்மாள் பங்குத்தந்தையோடு உள்ளே வந்தார். கூரை வளைவுகளை அண்ணாந்து பார்த்தவரையில் முகம் மலர்ந்திருந்தது. சுவருக்குக் கண் இறங்கியதும் சுருங்கிவிட்டது.

"இது யார் வேலை?"

"என் மச்சான்தாம்மா. ரெண்டு கோட்!" என்றார் கோயில்பிள்ளை பெருமையாக.

"சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும் சார். பிளாஸ்டிக் பெயிண்டை அடிச்சு மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்க. பழைய பூச்சைப் பார்க்காம நான் எதை எழுதறது? எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"ஒரு அங்குலம் விடலையேம்மா..." கோயில்பிள்ளை கையை நீட்டி, பங்குத்தந்தை உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும், அலமாரி மாதிரியான பெரிய மரத் தொட்டியைக் காட்டினார். "இதுக்குப் பின்னாடிகூட அடிக்கச் சொன்னேன்."

அதிகாரி ஃபைலை மூடினார். ஏணியில் சாய்ந்து நின்ற பெயிண்டர் தொண்டையைக் கனைத்தான்.

"மாமா, அடிக்க வராதீங்க. அங்க நான் பூசலை."

"பூசிட்டேன்னு சொன்னியேடா!"

"சொன்னேன். அத்தனையும் தேக்கு மாமா. நகர்த்தினா இடுப்பு கழண்டுடும்."

"பொய் சொல்ல உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

நான்கு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். தொட்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் ஒட்டடை. ஒட்டடைக்குப் பின்னால், முட்டை ஓடு மாதிரி வழவழத்த சுவரில் பச்சைக் கொடிகள், நீலத் திராட்சைக் குலைகள்.

"கட்டினப்போ வரைஞ்சது!" அதிகாரியின் குரல் கிறீச்சிட்டது. "இதுமேல ஒரு தடவைகூட வெள்ளை அடிக்கலையே?"

பெயிண்டரின் முகம் பிரகாசமானது. "அப்போ எனக்கு முன்னாடி வந்த அத்தனை பேருமே இதை நகர்த்தலை. கேட்டீங்களா மாமா? நான் மட்டும் சோம்பேறி இல்லை!"

அதிகாரி எதிர்ச் சுவருக்குப் போய்ச் சின்னக் கத்தியால் மெல்லச் சுரண்டினார். ரோஸ் நிறம் தோலாக உரிந்தது. அதன் அடியில் இருந்த பழைய சுண்ணாம்பு வெள்ளை பொடியாக உதிர, ஒரு கொடியின் நுனி எட்டிப் பார்த்தது.

"சுவர் முழுக்க இருக்கும்போல. பட்டியல்ல சேர்க்கச் சொல்லி இன்னிக்கே எழுதறேன். ஆனா இந்த பெயிண்டை உரிச்சாகணும். மெதுவா, கையால. நான் ஆள் அனுப்பி எப்படின்னு காட்டறேன்."

கோயில்பிள்ளை தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். பங்குத்தந்தை பெயிண்டரைப் பார்த்தார்.

"பொய் சொன்னதுக்குப் பரிகாரம் கிடைச்சிடுச்சு."

"நாலு சுவருமா ஃபாதர்? பத்து செபம் சொல்லிடறேன், அதோட விட்டுடுங்களேன்."

"அதையும் சொல்லு. உரிச்சுக்கிட்டே சொல்லு."

பெயிண்டர் வாசல் பக்கம் திரும்பினான். அதற்குள் கோயில்பிள்ளை எழுந்து ஏணியோடு குறுக்கே நின்றார்.