நான்காம் எண் நாற்காலி

படிவம் நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மணி இரண்டே கால். நான்காம் எண் போனை எடுக்கவில்லை.

அவள் ஏழாம் எண். டயாலிசிஸ் பிரிவில் ஜன்னலை ஒட்டிய நாற்காலி அவளுடையது. திங்கள், புதன், வெள்ளி, பகல் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். அந்தக் கையை அசைக்கக் கூடாது. போன் வலது கையில். ஆறு வருடங்களாக அவள் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் எந்த ஊருக்கும் போனதில்லை. எங்கே போனாலும் மூன்றாம் நாள் நாற்காலி கூப்பிட்டுவிடும்.

தெற்கே, ஒரு நாள் ரயில் தூரத்தில் கடற்கரை இருந்தது. பனியே விழாத ஊர்கள். ஆரஞ்சுத் தோட்டங்கள் மேட்டிலிருந்து கடல்வரை இறங்கும் என்று கணவன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். அவன் லிப்ட் மெக்கானிக். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்தான் அவனுடைய பயணம். கோடை பிறந்து மூன்று வாரம் மட்டுமே அங்கே போகத் தகுந்த காலம். அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் புழுக்கம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவளைப் புழுக்கத்தில் கூட்டிப்போனால் தன்னிடம் திரும்பி வர வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

கடற்கரை ஊரிலும் டயாலிசிஸ் நிலையம் இருந்தது. பத்து நாற்காலி, பத்தும் நிறைந்திருந்தது. ஒரே வழிதான். அங்கிருந்து ஒருவர் அதே வாரம் இங்கே வர வேண்டும். அவர் இவள் நாற்காலியில், இவள் அவர் நாற்காலியில். இருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் புதன்கிழமை நான்கு மணிக்குள் அந்த நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அப்படி ஒருவர் கிடைத்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் இந்த ஊரில் வீடு கட்டி மூன்று வருடமாகிறது, அவர் இன்னும் பார்த்ததில்லை. முதல் நாள் போனிலேயே சொல்லிவிட்டார்.

"பேரெல்லாம் எதுக்கும்மா. நான் நாலாம் நம்பர்."

"நான் ஏழு, அண்ணா."

"அப்போ நம்பர்ல நீங்கதான் பெரியவங்க. மரியாதையா பேசணும்."

இரண்டு மாதமாக இருவரும் சேர்ந்து இரண்டு பயணங்களைத் திட்டமிட்டார்கள். விடுதியில் எந்தப் பக்கத்து அறைக்கு மத்தியான வெயில் வராது, காலையில் கடற்கரையில் நிழல் எங்கே விழும் என்று அவர் சொன்னார். மகள் வீட்டிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்குவது என்று அவள் சொன்னாள்.

"ஏழாம் நம்பர்ல ஏசி நேரா மண்டையில அடிக்கும். போர்வை கொண்டு வாங்க."

"நாலுல பக்கத்து ஆளு குறட்டை. மிஷின் சத்தமே தேவலைன்னு ஆயிடும். காதுக்குப் பஞ்சு கொண்டு வாங்க."

கடைசியாக அவர் பேசியது சனிக்கிழமை. பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு விட்டார். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தண்ணி கூடப் போச்சு. திங்கக்கிழமை கையெழுத்து போட்டு அனுப்பிடறேன்." திங்கள் போனது. செவ்வாயும் போனது.

"திரும்ப அடி," என்றான் கணவன். அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"பதினாறு தடவை அடிச்சாச்சு."

"பெரிய மனுஷன். போனை எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பாரு."

"ரெண்டு நாளாவா?"

அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். "இந்த லீவுக்கு சூப்பர்வைசர் கால்ல விழாத குறை. இது போச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம். அந்த வார்த்தையை அவர்கள் வீட்டில் யோசித்துத்தான் பயன்படுத்துவது.

சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தாள். "நூத்தி அறுபதா? என்ன பண்றீங்க இங்க உக்காந்து? குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கோங்க."

"சண்டை போடக்கூட ஒருத்தர் போனை எடுக்கணுமே சிஸ்டர்," என்றான் அவன்.

அவன் வராந்தாவுக்குப் போய்க் கடற்கரை நிலையத்தின் அலுவலகத்தைக் கூப்பிட்டான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் வாய் அசைவது தெரிந்தது, பிறகு அசையாமல் நின்றதும் தெரிந்தது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"திங்கக்கிழமை அவரு டயாலிசிஸுக்கே வரலையாம். அதுக்கு மேல சொல்ல மாட்டேங்கறாங்க. அவங்க மேலதிகாரிகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

"வரலைன்னா, ஒருவேளை..." என்று தொடங்கினான்.

"சொல்லாதீங்க."

"நான் என்ன சொன்னேன் இப்போ?"

அவன் சொல்லவில்லை. ஆனால் அவள் நேற்றே நினைத்துவிட்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த நினைப்பு தெளிவாக, முழு வாக்கியமாக வந்தது. அவர் இல்லையென்றால் நாற்காலி காலி. அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். வாக்கியம் போகவில்லை. இன்று காலை பெட்டியில் துணி அடுக்கியபோதும் இருந்தது. அடுக்குவதை அவள் நிறுத்தவும் இல்லை.

மூன்றேகாலுக்கு அவன் டீ குடிக்க வெளியே போனான். அவள் எதிரில் அவன் எதையும் குடிப்பதில்லை. அவன் போன ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது.

"ஏழாம் நம்பருங்களா? கடற்கரை யூனிட்ல இருந்து பேசறேன். நாலாம் நம்பர் நாற்காலி காலியா இருக்கு. படிவம் வேண்டாம், மாத்திக்கறதும் வேண்டாம். நீங்க கேட்ட வாரத்துக்கே தரலாம். ஆனா இப்பவே சொல்லணும், வெளியூர் லிஸ்ட்ல இன்னும் மூணு பேர் இருக்காங்க."

"வர்றேன்," என்றாள்.

"உலர் எடை? தண்ணி எடுத்து முடிச்சதும் எவ்வளவு கிலோ?"

"நாப்பத்தெட்டரை."

"எந்தக் கை?"

"இடது."

"ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்?"

"போன வாரம் எடுத்தது. இன்னிக்கே அனுப்பிடறேன்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாள். "அவரு எப்படி இருக்காரு?"

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "மத்தவங்க விவரம் நாங்க சொல்லக் கூடாதும்மா."

"ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களா?"

"சேத்திருந்தா நாற்காலியப் பிடிச்சு வச்சிருப்போமே. வேற யாருக்கும் தர மாட்டோம்." அந்தப் பெண் சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பதிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை பகல் ஒரு மணி," என்று வைத்துவிட்டாள்.

கணவன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். "எடுத்தாரா?"

"இல்ல. ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. இடம் கிடைச்சிடுச்சு."

அவன் முகம் மலர்ந்தது. சிஸ்டரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவரு?"

இல்லையென்று அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவன் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தான். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றான்.

"நான் சரின்னு சொல்லியாச்சு."

"தெரியறதுக்கு முன்னாடியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் எதிர்பார்த்தான். கேள்வியையே அப்படித்தான் கேட்டிருந்தான்.

"காலின்னு சொன்னதுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அவள் கண்ணை விலக்கவில்லை.

"மனசு வந்துச்சா?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"வந்துச்சு."

 பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ரயில் டிக்கெட்டுக்குக் கவுண்டர்ல நேர்ல போகணும். உறுதி பண்ணிடவா?"

"பண்ணுங்க."

எழுந்தான், ஆனால் போகவில்லை.

"போங்க," என்றாள் அவள். "கவுண்டரை மூடிடுவாங்க."