கனி, சூலியா தெரு

நாகூர்க் கரையில் புயல் அடித்து ஆறு நாளாகியும் பினாங்குக்கு ஒழுங்கான தகவல் ஒன்றும் வரவில்லை. பத்திரிகைக்காரன் மட்டும் தினமும் அதே செய்தியை எழுத்தைப் பெரிதாக்கிப் போட்டான்: கடலோர ஊர்கள் நாசம், தென்னந்தோப்புக்குள் தோணிகள், வீடுகள் தரைமட்டம். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை மட்டும் சொல்லித் தொலைக்க மாட்டான். கயிற்றுக்கடை கனிக்குப் பத்திரிகையைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. அவனுடைய உம்மாவும் தம்பி இஸ்மாயிலும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள்.

ஏழாம் நாள் ஒரு தந்தி வந்தது. இங்கிலீஷ் தெரிந்த மனு எழுதும் சுப்பையா படித்துச் சொன்னார். "கனி, சூலியா தெரு, பினாங்கு. தாய் நலம். வீடு போயிற்று." அவ்வளவுதான். அனுப்பியவன் பெயர் கிடையாது.

சூலியா தெருவில் கனி என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கயிற்றுக்கடை கனி, சுருட்டுக்கடை கனி, தொப்பி தைக்கிற கனி. மூவரும் அந்தக் கரைக்காரர்கள். மூவருக்கும் அங்கே உம்மா இருந்தார். மூவரும் ஒரே மூச்சில் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரை எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்?" என்று கயிற்றுக்கடை கனி, பினாங்கில் ஒட்டிக்கொண்ட மலாய் 'லா'வையும் சேர்த்துக் கத்தினான். "ஒரு சொல்லு லா! ஒரே ஒரு சொல்லு!"

தன் தம்பியாக இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம் தட்டியது. போன வருஷம் 'கல்யாணம் நல்லபடியாக முடிந்தது' என்று இஸ்மாயில் கடிதம் போட்டான். யாருக்கடா கல்யாணம் என்று கேட்டு எழுதினால், இரண்டு மாதம் கழித்து 'நம்ம வீட்டுக் கல்யாணம்தான்' என்று பதில் வந்தது. ஆனால் தந்தியில் சொல்லை மிச்சம் பிடிக்காதவன் யார்? சுருட்டுக் கனியின் தம்பி மகா கஞ்சன். தொப்பிக் கனியின் அண்ணன் அவனுக்கும் மேலே.

சுப்பையாதான் வழி சொன்னார். "அனுப்பினவரு விலாசம் அங்க தந்தி ஆபீஸ்ல இருக்கும் பாய். நமக்குச் சொல்ல மாட்டாங்க. கேள்வியை எழுதினா அவரு கையில சேத்துடுவாங்க." எழுதியும் விட்டார்: யாருடைய தாய்?

"பேரையும் கேளுங்க ஐயா!" என்றான் கயிற்றுக்கடை கனி.

"அதுலயே எல்லாம் அடங்கியிருக்கு பாய்."

பதில் வரும்வரை தந்திக் காகிதத்தை ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். சுருட்டுக் கனி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கொரு தரம் தடவிப் பார்த்தான். தொப்பிக் கனி மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டான். கயிற்றுக்கடை கனி தன் முறை வந்தபோதெல்லாம் அதை விரித்து, படிக்கத் தெரியாத எழுத்தைத் திட்டினான்.

கேள்வி போன ஆறாம் நாள் பதில் வந்தது. சுப்பையா பிரித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"நம் தாய்தான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் பாய்."

கயிற்றுக்கடை கனி நடுத்தெருவில் நின்று குதித்தான். "மடையா! யாருன்னு கேட்டா நம்மங்கிறியே, கூறுகெட்ட மடையா! ஒரு கடல் தாண்டி வந்து உன் செவுட்டுல ஒண்ணு வைக்கணும்டா, இஸ்மாயிலு!"

சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. இப்படியொரு மடையன் உலகத்தில் ஒருத்தன்தான். உம்மா இருக்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மற்ற இரண்டு கனிகளும் தங்கள் உம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

அன்றைக்குத் தொப்பிக் கனியின் முறை. அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளேயிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். "உங்க தம்பிதான் பாய். சந்தேகமே இல்ல."

கயிற்றுக்கடை கனிக்கு மறுபடி எரிச்சல் வந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

"யாரு கேட்டா இப்ப? இன்னிக்கு உன் முறை. உள்ள வையி லா," என்று அதட்டினான்.

தொப்பிக் கனி காகிதத்தை மடித்து மறுபடி தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.