முப்பத்தேழாம் இடத்துக்கு இரண்டு ஊர்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சுத்தப் பொய். எழுத்துப்பிழையைப் பார்த்தால் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். அது திரும்பின பக்கமெல்லாம் இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

நான் ஒரு பத்திரிகையில் மெய்ப்பு பார்ப்பவள். வருஷத்துக்கு ஒரு தடவை 'நூறு பெருநகரங்கள்' என்று ஒரு பட்டியல் போடுவோம். எந்த நகரம் முக்கியம், எதற்குச் செல்வாக்கு அதிகம் என்று ஒன்றிலிருந்து நூறு வரை வரிசை. மதிப்பெண் போடுகிறவர் புள்ளிவிவரக்காரர். அவரை எல்லோரும் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவோம். மக்கள்தொகை, வியாபாரம், போக்குவரத்து, படிப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. செல்வாக்கை எப்படி அளப்பது என்று கேட்டால் அதற்கும் வழி வைத்திருந்தார். ஓர் ஊரின் பெயர் மற்ற ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிடுவார். "நல்லதோ கெட்டதோ, பேரு அடிபட்டாலே செல்வாக்குதாம்மா" என்பது அவர் கொள்கை.

இந்தப் பட்டியலால் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் அவருக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணம் முடிந்து பதிவுச் சான்றை அனுப்பினால்தான் தங்கையையும் கூட்டிப்போக விடுவார்கள். இல்லையென்றால் அவர் தனியாகப் போய் இரண்டு வருஷம் கழித்து வர வேண்டியதுதான். தங்கைக்கு அதை நினைத்தாலே கண் கலங்கிவிடும்.

எங்கே கல்யாணம் என்பதில்தான் வந்தது வினை. மாப்பிள்ளையின் அப்பா லிப்ட் மாட்டுகிற கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம்னா பெரிய ஊர்லதான் வைக்கணும். எங்க ஊர்ல இருபத்தெட்டு மாடி இருக்கு. உங்க ஊர்ல?"

என் அப்பா தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் பிரித்தவர். "மாடியைப் பாத்தா ஊர் பெருசாயிடுமா சம்பந்தி? எங்க ஊருக்குத் தினமும் பதினாறு மூட்டை தபால் வரும். உங்க ஊருக்கு ஒன்பது. இந்தக் கையால பிரிச்சவன் சொல்றேன்."

"அதெல்லாம் எந்தக் காலத்துல?"

"மாடி மட்டும் நேத்தா கட்டினாங்க?"

போன வருஷப் பட்டியலில் அவர்கள் ஊர் நாற்பது, எங்கள் ஊர் நாற்பத்தொன்று. ஊர்ப் பெயர்களை முழுசாகச் சொல்ல மாட்டேன், பார்த்த சண்டை போதும். எங்கள் ஊர் 'ம'வில் தொடங்கும், அவர்களுடையது 'ஜ'வில். புதுப் பட்டியல் பத்தாம் தேதி வரும், அதில் எது மேலேயோ அங்கே கல்யாணம் என்று இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் அப்போதே வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே செல்வாக்கை எப்படி எண்ணுகிறோம் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது நான்தான் உளறினேன். தங்கை அதை மாப்பிள்ளையிடம் சொல்ல, அது அவர் அப்பா காதுக்கும் போய்விட்டது. அவ்வளவுதான்! அப்பா கட்டுக்கட்டாக அஞ்சலட்டை வாங்கி எல்லா ஊர்ப் பத்திரிகைகளுக்கும் 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுத ஆரம்பித்தார். ஒரு கடிதத்தில் எங்கள் ஊர்க் காற்றைப் புகழ்வார், அடுத்ததில் வேறு பெயரில் அதே காற்றைத் திட்டுவார். சம்பந்தியோ 'காணவில்லை' விளம்பரத்தில் இறங்கினார். 'ஜ...வில் கறுப்புக் குடை தொலைந்தது.' மறுநாள், 'ஜ...வில் தொலைந்த குடை ஜ...விலேயே கிடைத்தது.' பாவம் புள்ளி, ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஒன்பதாம் தேதி என் மேசைக்குப் பட்டியல் வந்தது. முப்பத்தேழாம் இடத்தில் இரண்டு ஊர்களும் நின்றன. அறுபத்தொன்று புள்ளி நாலு, அறுபத்தொன்று புள்ளி நாலு.

"ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க?" என்று புள்ளி சிரித்தார். "ரெண்டும் சமம்மா. சமமா வந்தா அகர வரிசைதானே? கம்ப்யூட்டரே அடுக்கிடுச்சு."

பார்த்தேன். கம்ப்யூட்டர் 'ஜ'வை மேலே வைத்து 'ம'வைக் கீழே வைத்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டருக்கு 'ச'வுக்குப் பக்கத்திலேயே 'ஜ' என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அகராதியை எடுத்துப் பாருங்கள். 'ஜ', 'ஷ', 'ஸ', 'ஹ' எல்லாம் 'ன' முடிந்த பிறகு, கடைசி பெஞ்சு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருபது வருஷமாக நான் திருத்திய விஷயம் இது. சிவப்புப் பேனாவை எடுத்து 'ம'வை மேலே ஏற்றினேன். எங்கள் ஊர் என்பதற்காகச் செய்யவில்லை. சத்தியமாக. ஆனால் யார் நம்புவார்கள்?

பத்திரிகை வந்த அன்று அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார். சம்பந்தி எனக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் வச்சதை நீ மாத்துனியாமே?"

"மாமா, அகர வரிசைல ஜ கடைசிலதான் வரும்."

"அப்படியா? அப்ப எங்க ஊரை 'ச' போட்டு எழுது! தமிழ்ல ஜ ஏது? எல்லாம் வந்தேறி எழுத்து!"

இப்படிச் சொன்னவர் முப்பது வருஷமாகக் கம்பெனிப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயரின் ஜ-வை மட்டும் தங்க நிறத்தில் எழுதி வைத்திருந்த மனுஷர். அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு அதை அழித்து 'ச' போட்டார். என் அப்பா சும்மா இருந்தாரா? இத்தனை வருஷம் அந்த ஊரை வேண்டுமென்றே 'ச' போட்டுக் கிண்டலாகச் சொன்னவர், இப்போது பெரிய தர்மவான் ஆகிவிட்டார். "ஒரு ஊரோட பேரை மாத்த இவர் யாரு? ஜ-ன்னா ஜ-தான்! அந்த ஊர் ஜனங்க மனசு என்ன பாடுபடும்?"

"ஆமாமா, நீங்க ரொம்பக் கவலைப்படுறீங்க" என்றாள் தங்கை. குரலே சரியில்லை.

நான் திருத்தியது சரிதானே என்று ஆசிரியரிடம் போய்க் கேட்டேன், சம்பந்திக்கும் எழுதினேன், அகராதியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். பதினாறாம் தேதி சம்பந்தியிடமிருந்து பதில் வந்தது. 'பெண்ணின் அக்காவே நடுவராக இருக்கும் இடத்தில் எங்களுக்கு ஞாயம் கிடைக்காது. இந்தக் கல்யாணம் வேண்டாம். பலகையில் பழையபடி ஜ எழுதிவிட்டேன். இனி எங்கள் ஊரை எவனாவது ச போட்டு எழுதினால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.'

படித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? 'நியாயம்' என்பதை அவர் 'ஞாயம்' என்று எழுதியிருந்தார். வட்டம் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே தங்கை. மாப்பிள்ளையோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"திருத்துக்கா, திருத்து" என்றாள். "என் கல்யாணம் நிக்குது. நீ பிழை திருத்து."

சொல்லிவிட்டு என் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஓர் எழுத்து மேலேயா கீழேயா என்பதற்காக, கூடப்பிறந்தவள் வாழ்க்கையில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறேனே, நானும் ஒரு அக்காவா?

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "அண்ணி, உங்க லிஸ்ட்ல கடைசி ஊர் எது?"

நூறு என்ற கணக்கை நிரப்புவதற்காக வருஷாவருஷம் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிற ஒரு ஊர் உண்டு. பெருநகரம் என்று சொன்னால் அதற்கே கூச்சம் வரும். சொன்னேன்.

"அங்கயும் பதிவு அலுவலகம் இருக்கும்ல?"

வெள்ளிக்கிழமை காலை நூறாவது ஊருக்குப் போனோம். வரமாட்டேன் என்று குதித்த அப்பா, பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அலுவலக வாசலில் சம்பந்தி புதுச் சட்டையில் நின்றார்.

"நான் ஒண்ணும் கல்யாணத்துக்கு வரல. இங்க ஒரு லிப்ட் ரிப்பேர்."

அந்தத் தெருவில் மாடியே இல்லை.

பதிவாளர் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள். மணி பன்னிரண்டே முக்கால். "ஒரு மணிக்குப் பூட்டிடுவேன். அப்புறம் திங்கட்கிழமைதான். சாட்சி ரெண்டு பேர் கையெழுத்துப் போடுங்க. யார் முதல்ல?"

அப்பாவும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நீங்க போடுங்க" என்றார் அப்பா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"சேச்சே, பொண்ணு வீட்டுக்காரர் நீங்க. நீங்கதான் முதல்ல."

"அதெப்படி? நீங்க வயசுல மூத்தவர்."

"யார் மூத்தவர்? உங்களைவிட நான் ரெண்டு மாசம் சின்னவன்!"

அடக் கடவுளே, மேலே போவதற்கு மல்லுக்கட்டியவர்கள் இப்போது கீழே போவதற்கு மல்லுக்கட்டினார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. தங்கை இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பேனாவைத் திணித்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போடுங்க!" முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு போட்டார்கள். சம்பந்தி கையெழுத்தின் வால் அப்பாவின் பெயர்மேல் ஏறி உட்கார்ந்தது.

"சான்றைச் சரிபார்த்துச் சொல்லுங்க. பிழை இருந்தா புதுசா எழுதணும்" என்றார் பதிவாளர். எல்லோரும் தாளை என்னிடம் நீட்டினார்கள். வேறு யாரிடம் நீட்டுவார்கள்?

மணப்பெண் பெயர் சரி. மணமகன் பெயர் சரி. மணமகன் பிறந்த ஊர். 'ச' போட்டிருந்தது.

என் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தது. மூடியைத் திறந்தும் விட்டேன். கடிகாரத்தில் ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் சூடாக ஒரு மூச்சு. திரும்பினால் சம்பந்தி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு அவர் தன் மருமகளைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "சீல் வைங்க."

நான் பேனாவை மூடினேன்.