மஞ்சள் விளக்கின் வாயை அடைத்த இருவர்

மெக்கானிக்குக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒரு மாத்திரை என்று விழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டரும் மாத்திரை அட்டையும் அருகருகே இருக்கும். பல்லைக் காட்டப் போனால் அரை நாள் வீணாகிவிடும் என்று ஒத்திப்போட்டே பழகிவிட்டார். மாத்திரை போட்டால் வலி தெரிவதில்லை. தெரியாத வலிக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

ஒர்க்‌ஷாப்பைச் சாத்துகிற நேரத்தில் பல் டாக்டரின் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. பல வருடம் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு வண்டி. விடுமுறை நாளில் மட்டும் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும்.

"மாஸ்டர், டாஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்கு. பார்க்கப் பார்க்க எரிச்சலா வருது" என்றார் டாக்டர். அவரும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர். குரலில் அலுப்பு இருந்தது.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் பேட் தேய்ந்து மெலிந்திருந்தது. அந்த வண்டியின் பேடுக்குள் மெல்லிய ஒயர் ஒன்று பதிந்திருக்கும். பேட் அளவுக்கு மேல் தேய்ந்தால், சுழலும் டிஸ்க் அந்த ஒயரை அறுத்துவிடும். அறுந்ததும் விளக்கு எரியும்.

"பேடு மாத்தணும் டாக்டர். சாதா பேடு கையில இருக்கு. இப்பவே போட்டுடலாம்."

"சாதா பேடா? கறுப்புப் பொடியாக் கொட்டி வீலெல்லாம் அப்பிக்கும். இப்பதான் வெள்ளி கலர் வீலு போட்டிருக்கேன். செராமிக் போடுங்க."

"செராமிக் நல்லதுதான். பொடியும் கம்மி, சத்தமும் கம்மி. ஆனா அதுலயும் பாத்து எடுக்கணும். ரேஸ்காரங்க போடுறது நல்லா சூடானாத்தான் பிடிக்கும், அது உங்களுக்கு வேணாம். தெருவுல ஓட்டுறதுக்குன்னு வர்றதை ஆர்டர் போடுறேன். அது வர்ற வரைக்கும் சாதா பேடை மாட்டிக்கலாமே?"

"எதுக்கு ரெண்டு வேலை? செராமிக் வரட்டும், நானே வந்துடறேன். அதுவரைக்கும் இந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச வேண்டும், விளக்க வேண்டும், டாக்டர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. மாத்திரையின் வேகம் குறைந்து பல் மறுபடி விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கியிருந்தது. அறுந்த ஒயரின் இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிச் செருகினார். விளக்கு அணைந்தது. பேட் அப்படியேதான் இருந்தது.

"உங்க கன்னம் ஏன் வீங்கியிருக்கு? கிளினிக்குக்கு வாங்க, பாக்கலாம்."

"வரேன் டாக்டர். நீங்களும் மறக்காம வண்டியைக் கொண்டாங்க."

"வரேன், வரேன்."

இருவரும் போகவில்லை. செராமிக் பேட் வந்து அலமாரியில் உட்கார்ந்து தூசி படிந்தது. மெக்கானிக் போன் பண்ணிப் பார்த்தார். அடுத்த வாரம் என்று பதில் வந்தது, அதற்கு அடுத்த வாரமும் அதே பதில் வந்தது. விளக்கு எரிந்திருந்தால் டாக்டருக்கு உறுத்தியிருக்கும். அதுதான் சமர்த்தாக அணைந்து கிடந்ததே. இவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சமையலறையில் புகை வந்தால் எச்சரிக்கும் மணி அலறினால் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

மாத்திரைக்கும் அடங்காமல் முகம் கோணிப்போன பிறகு ஒரு சாயங்காலம் மெக்கானிக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார், கன்னத்துக்குள் பஞ்சை அடைத்தார், வழக்கமாக எல்லாரிடமும் பாடுகிற பாட்டை ஆரம்பித்தார்.

"வலிக்குதுன்னா உள்ளே ஏதோ கெட்டுப்போச்சுன்னு உடம்பு சொல்லுது. நீங்க மாத்திரையைப் போட்டு அதை அடக்கிட்டீங்க. இப்போ பல்லைக் காப்பாத்த முடியாது, பிடுங்கித்தான் ஆகணும்."

டாக்டரின் போன் அடித்தது. கையில் உறை இருந்ததால் உதவிக்கு நின்ற பெண் ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தாள். டாக்டரின் மகள் பேசினாள். அவள் லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"அப்பா, மலை மேல ஃபிரெண்டு வீட்டுக்குப் போகணும். உங்க வண்டியை எடுத்துக்கட்டுமா?"

"லைட் ஏதாவது எரியுதா பாரு."

"ஒண்ணும் எரியலப்பா."

"அப்போ எடுத்துட்டுப் போ. மெதுவாப் போ. ஓட்டும்போது போனைத் தொடாதே."

போன் வைக்கப்பட்டது. நாற்காலியில் சாய்ந்திருந்த மெக்கானிக்கின் கண்கள் அகன்றன. பேச வாயெடுத்தார். நாக்கு கட்டையாகக் கிடந்தது, எச்சில்தான் வழிந்தது. டாக்டரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். குழறிக் குழறி மூன்றாம் முறை சொன்னபோதுதான் சொல் உருப்பட்டது.

"பேடு மாத்தல."

டாக்டர் கையுறையை உருவி எறிந்தார். மகளை அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா சொல்லைத் தட்டாத பெண், போனைத் தொடவில்லை.

ஒர்க்‌ஷாப் வேன் வாசலில் நின்றது. மெக்கானிக் ஓட்டினார், வெள்ளைக் கோட்டோடு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. யார் மேல் போடுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மூடிக்கிடந்த ஒரு டயர் கடை வாசலில் சிவப்பு வண்டி நின்றது. போனை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, பக்கத்துத் திண்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். வேன் நிற்பதற்குள் டாக்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

"பிரேக் போட்டப்போ இரும்பும் இரும்பும் உரசுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. பயமா இருந்துச்சு, ஓரம்கட்டிட்டேன்" என்றாள் அவள். "லைட் ஏன்ப்பா எரியல?"

மெக்கானிக் ஒயரை முறுக்கியதைச் சொன்னார். முறுக்கச் சொன்னது தான்தான் என்று டாக்டர் சொன்னார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து லைட்டோட வாயை அடைச்சிட்டீங்க. நல்லவேளை, சத்தத்தோட வாயை அடைக்கல. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள் மகள்.

மெக்கானிக் சிவப்பு வண்டியைப் பூட்டினார், மூவரும் வேனில் கிளினிக்குக்குத் திரும்பினார்கள்.

அன்று ராத்திரிக்குள் பல் போனது. மறுநாள் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். பேட் முழுக்கத் தீர்ந்து, அதன் பின்னாலிருக்கும் இரும்புத் தகடு உரசி டிஸ்கில் பள்ளம் விழுந்திருந்தது. டாக்டர் அத்தனை பாடுபட்டுக் காத்த வெள்ளிச் சக்கரத்தில் இரும்புப் பொடி அப்பிக் கிடந்தது. மெக்கானிக் டிஸ்கையும் மாற்றி, அலமாரியில் தூங்கிய செராமிக் பேடுகளைத் துடைத்து மாட்டினார். முறுக்கிய ஒயரை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது பூட்டினார். காலியான சாலையில் வேகமெடுப்பதும் பிரேக்கை மெல்ல அழுத்துவதுமாகப் பலமுறை ஓட்டி, பேடையும் டிஸ்கையும் ஒன்றுக்கொன்று பழக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பிறகு டாக்டரையும் மகளையும் வண்டிக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து புது ஒயரின் இணைப்பை உருவினார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எரியுதா டாக்டர்?"

"எரியுது" என்றார் டாக்டர். எரிச்சல் வரவில்லை, கண்தான் கலங்கியது. "இணைப்பை மாட்டிடுங்க மாஸ்டர். இனிமே இது தானா எரிஞ்சா, யார் சொன்னாலும் சும்மா அணைக்காதீங்க. நானே வந்து கெஞ்சினாலும் அணைக்காதீங்க. வலியை அடக்குறது வைத்தியமில்லன்னு தினமும் ஊருக்கெல்லாம் சொல்றேன். லைட்டை அணைக்கிறது ரிப்பேர் இல்லன்னு தெரிஞ்சுக்க என் பொண்ணு ரோட்டோரம் உக்கார வேண்டியதாப் போச்சு."