நாளைக்கு வரும் என்று காட்டும் மெஷின்

பில் மெஷின் இல்லாத கடைகள் எங்கள் தெருவில் ஒடுங்கிக்கொண்டிருந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். முறையாகத்தான் ஒடுங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எதிரே ஞானமுத்துவின் பாத்திரக்கடை இப்போது சுவரில் ஓர் இடுக்கு. அவர் உள்ளேதான் இருக்கிறார். கரண்டி மட்டும் விற்கிறார். அந்த இடுக்கு வழியாகக் கரண்டிதான் வெளியே வரும்.

எங்கள் மளிகைக்கடை ஒற்றைக் கதவு அகலத்துக்கு வந்திருந்தது. நான் பக்கவாட்டில் நின்று வியாபாரம் செய்தேன். கொஞ்சம் வளைந்து நின்றால் வசதியாக இருக்கும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் வளைந்து நின்றதில்லை.

பெயர்ப்பலகை ஒடுங்கவில்லை. 'அ. தங்கப்பழம் மகன்கள்' என்று பழைய நீளத்திலேயே இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தவர் கடைகளின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மகன்கள் என்றால் நானும் என் தம்பி ஜெயபாண்டியும். பஜாரில் பங்கு பிரிக்காத கடை எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் இல்லை என்று சொல்ல மாட்டோம். தீர்ந்துபோயிருந்தால் நாளைக்கு வரும் என்போம். அப்பா அப்படித்தான் சொன்னார். அவருடைய அப்பாவும்.

போன கார்த்திகையில் தம்பி சர்க்கரை மூட்டை மேல் சாய்ந்தான். பிறகு எழவில்லை. சுடுகாடு வரைக்கும் நான்தான் முன்னால் நடந்தேன். எல்லாம் முடிந்து வந்து கடையைத் திறந்தேன். ஒருவர் வந்து, சின்ன அண்ணாச்சி எங்கே என்று கேட்டார்.

"நாளைக்கு வருவான்" என்றேன்.

எங்கள் வீடு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஆகவே கடையின் வழக்கம் மாடிக்கும் பொருந்தும். தம்பி மனைவி செல்வக்கனி தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டாள். அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். மாடியில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. குடும்பத்துக்கு அது கௌரவமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அரிசி மூட்டை கடைக்குள் நுழைய மறுத்தது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மெஷின் வாங்கப் புறப்பட்டேன்.

மெஷின் கம்பெனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் பெனிட்டா என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெண் நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி. நீங்க கடைக்காரர்தான்னு ஒரு அத்தாட்சி வேணும்."

"பாத்தாத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியணும்ல."

ஸ்கேனரை என் நெற்றிக்கு நேரே பிடித்தாள். அது கீச்சென்றது. அவள் திரையைப் பார்த்தாள்.

"கட்டிப் பெருங்காயம்னு காட்டுது."

"எந்தக் கம்பெனி?"

"அது போடல. பழைய சரக்கு, திருப்பி எடுக்கப்பட மாட்டாதுன்னு போட்டிருக்கு."

"சரியாத்தான் போட்டிருக்கு" என்றேன். உள்ளே விட்டாள்.

முதல் மெஷின் மிகவும் வேகமானது. வாடிக்கையாளர் படியில் கால் வைக்கும்போதே பில் வந்துவிடும். அவர் என்ன கேட்பார் என்று அதற்கே தெரியும்.

"கேக்க முன்னாடி குடுக்கிறதுக்குப் பேரு வியாபாரம் இல்லம்மா" என்றேன். அடுத்ததைக் காட்டினாள்.

இரண்டாவது மெஷின் எல்லாரிடமும் போன் நம்பர் வாங்கிக்கொண்டது. சாயங்காலம் அதுவே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கும்.

"பிறகு?"

"பிறகு சோப்பு வாங்கச் சொல்லும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் வீடு வீடாகப் போய் விற்றதில்லை. அதையும் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது பார்க்க லட்சணமாக இருந்தது. பெனிட்டா அதில் சீரகம் என்று தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல், இருப்பு இல்லை, இருப்பு இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னது.

"இதை முதல்ல நிறுத்து" என்றேன்.

"சரக்கு தீர்ந்தா இல்லைன்னு காட்டத்தான அண்ணாச்சி எல்லாரும் மெஷின் வாங்குறாங்க?"

"எங்க கடையில காட்டக் கூடாது."

"பின்ன என்ன காட்டணும்?"

"நாளைக்கு வரும்னு காட்டணும்."

அவள் யோசித்தாள். "பின்னாடி ஒண்ணு கிடக்கு. யாரும் எடுக்க மாட்டேங்காங்க. வாங்க."

கடைக்குப் பின்னால் ஒரு நடைவழி இருந்தது. நாங்கள் நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் அலமாரிகளில் மெஷின்கள் தாமாகவே பில் அடித்துக்கொண்டிருந்தன. வாங்குவதற்கு யாரும் இல்லை. போகிற வழியிலேயே பெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் பத்திரிகை கொடுத்தாள். கடையை விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

"பரவால்ல அண்ணாச்சி. மொய் மட்டும் எழுதிருங்க" என்றாள்.

எழுதினேன். தம்பி பெயரையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

நடைவழி முடிந்த இடத்தில் அந்த மெஷின் இருந்தது. கறுப்பு நிறம். தொட்டால் ஒளிரும் திரை. கார்டு தேய்க்க இடம் இருந்தது. கூட்டுக் குடும்ப மாடல் என்று அட்டையில் எழுதியிருந்தது. அவள் சீரகம் என்று தட்டினாள். நாளைக்கு வரும் என்று காட்டியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"இதுக்கு ரெண்டு பேர் விரல் வைக்கணும். அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு. அப்பத்தான் ஓடும்."

என் விரலை வைத்தேன்.

"தம்பி?"

"நாளைக்கு வருவான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மெஷின் நம்பிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

அன்று மதியத்துக்குள் கடை பழைய அகலத்துக்கு வந்தது. ஞானமுத்து இடுக்கிலிருந்து ஒரு கரண்டியை நீட்டி ஆட்டினார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

மெஷின் நன்றாக வேலை செய்தது. என்னென்ன நாளைக்கு வரும் என்று காலையில் திரையில் காட்டும். குண்டு மிளகாய். கசகசா. ஜெயபாண்டி.

வாடிக்கையாளர்களுக்குச் சந்தோஷம். தம்பி நிறுத்தால் மேலே ஒரு கை கூடப் போடுவான். நான் போட மாட்டேன். அவனிடமே வாங்கிக்கொள்கிறோம் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். மறுநாளும் நின்றார்கள். வரிசை நீள நீளக் கடையும் அகன்று கொடுத்தது. யாரும் எதுவும் வாங்கவில்லை. காத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் வரிசையில் செல்வக்கனி நின்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கடை முன்னால் வந்து நிற்பதில்லை. ஆனால் அவள் முறையாக வரிசையில் வந்திருந்தாள். எனவே என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றேன். வரிசையில் வருகிறவர்களை அப்படித்தான் கேட்க வேண்டும்.

"உங்க தம்பி வேணும்."

திரையைத் திருப்பிக் காட்டினேன். ஜெயபாண்டி, நாளைக்கு வரும் என்றிருந்தது.

"அது சொல்றது கிடக்கட்டும் அத்தான். நீங்க சொல்லுங்க."

"அதான் போட்டிருக்கே."

"தினம் அவருக்குன்னு ஒரு தட்டு வைக்கேன். தினம் அந்த ஆறுன சோத்தை நானே திங்கேன். பூக்காரி என்னையப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. எனக்கு அழணும் அத்தான். ஒரு தடவ சத்தம் போட்டு அழணும். நீங்க நாளைக்கு வருவான்னு சொல்லிக்கிட்டு இருந்தா நான் எப்படி அழ?"

"பின்னால ஆளு நிக்காங்க, கனி."

"நிக்கட்டும்."

"பலகையில மகன்கள்னு இருக்கு. நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னா கடை ரெண்டாப் போயிரும்."

"கடை போனாப் போகுது. அவரு போயிட்டாருல்லா."

நான் நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன். ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றிருந்தேன். அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

"யாரு இல்லை?"

"தம்பி இல்லம்மா. கார்த்திகையிலேயே போயிட்டான்."

பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று மெஷின் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. இரண்டு விரல் வேண்டும் என்றது. நான் வைத்தேன். தம்பியின் இடத்தில் செல்வக்கனி தன் விரலை வைத்தாள். ஏற்றுக்கொண்டது.

ஒரு பில் வந்தது. சின்னத் துண்டு. அதில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அவள் அதைக் கிழித்து எடுத்தாள். சூடாக இருந்திருக்கும். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் தலையிலிருந்த பூவை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு அழுதாள். நான் தடுக்கவில்லை.

அடுத்தவர் முன்னால் வந்தார். துவரம் பருப்பு கேட்டார். எனக்குப் பின்னால் துவரம் பருப்பு மூட்டை வாய் திறந்து இருந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வருகிறவர்கள் நீட்டுவதைப்போல் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் தொட்டேன். அவர் நகர்ந்தார். அதற்கடுத்தவர் உளுந்து கேட்டார். இல்லை என்றேன். அவரும் கையை நீட்டினார். பிறகு வந்தவர்களும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொன்னேன்.

வரிசை மெல்லப் படியிறங்கியது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வாரேன் அண்ணாச்சி என்று ஒருவரும் சொல்லவில்லை.