கோலுக்குள் நிற்க ஒருத்தி

“குனி! சாரங்கி, கெதியாக் குனியடி!”

வலது கையால் மகளின் தலையை அமுக்கிக்கொண்டே இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள் மனோரஞ்சிதம். கிரின்ஸ்டெட் சுற்றுவட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் புஷ்பராணியின் சிவப்புக் கார் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை. வீதியில் வேறு வாகனமே இல்லை. ஒளிய இடமும் இல்லை.

மனோ கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டாள். சிவப்புக் கார் பக்கத்தால் போனது. பின்னிருக்கை நிறையப் பிள்ளைகள். புஷ்பராணி அவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி, இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

“போயிட்டா. எழும்பு.”

சாரங்கி நிமிர்ந்தாள். பன்னிரண்டு வயது. முன்தலை மயிர் கலைந்து முகத்தில் கிடந்தது. “இது பைத்தியக்கார வேலை அம்மா,” என்றாள் டெனிஷில். அவள் எப்போதும் டெனிஷில்தான் பேசுவாள். தாய் தமிழில்தான் பதில் சொல்லுவாள். வீட்டில் சண்டையும் சமாதானமும் அப்படித்தான் நடக்கும்.

“பைத்தியமோ? உனக்காகத்தானடி.”

கார் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் கிளப் பெற்றோரின் கைபேசிக் குழுவில் மனோ எழுதிப் போட்டிருந்தாள்: சாரங்கிக்குக் கடும் காய்ச்சல், இன்றைக்கு விளையாட வரமாட்டாள். காய்ச்சல்காரி இப்போது முன்னிருக்கையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கார் ஓகூஸ் நகரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே யூலண்ட் பிராந்தியத் தெரிவு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கி அணி. ஊர் ஊராகப் போய், சின்னக் கிளப்புகளில் தேறிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகு வார இறுதி என்றால் அந்தப் பிள்ளைகள் சுவீடன், பின்லாந்து என்று பஸ் ஏறிவிடுவார்கள். விட்டுவந்த ஊர் மண்டபத்தில் ஐஸ் மட்டும் மிஞ்சும்.

இவர்களுடைய ஊர்க் கிளப்பிலிருந்து இலையுதிர் காலத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரிய அணிகளுக்குப் போய்விட்டார்கள். ஆள் போதாமல் இரண்டு ஆட்டங்கள் கைவிடப்பட்டன. மூன்றாவதும் கைவிடப்பட்டால் அணியைப் போட்டியிலிருந்தே வெட்டிவிடுவார்கள். அந்த மூன்றாவது ஆட்டம் இன்றைக்கு. அணியின் ஒரே கோல்கீப்பர் சாரங்கி.

இதெல்லாம் மனோவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். கடைசிப் பெற்றோர் கூட்டத்தில் கோப்பியும் கேக்குமாக இருந்தபோது, அணிப் பொறுப்பாளர் புஷ்பராணி எழும்பி நின்று ஒரேயொரு விசயம்தான் கேட்டாள். “போற பிள்ளையள் போகட்டும், மறிக்கேல்ல. ஆனா முந்தியே சொல்லுங்கோ. இன்னொரு பிள்ளையைப் பழக்கிப்போடலாம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். மனோ மற்றவர்களைவிடப் பலமாக ஆட்டினாள்.

பிறகு ஏன் இந்த ஒளிப்பு?

காரணம் நாவூறு; ஊர் வாயில் விழுந்த காரியம் கெட்டுப்போகும் என்ற பயம். சில வருடங்களுக்கு முன்னர், எஸ்பியர்க்கில் ஒரு பேக்கரியை எடுத்து நடத்தப் போகிறோம் என்று அவளும் கணவன் தவராஜாவும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். கடைசி நேரத்தில் எல்லாம் கவிழ்ந்தது. அன்றைக்கு தவராஜா ஒரு சட்டம் போட்டான்: “இனி எந்தக் காரியமும் முடியுமட்டும் மூச்சு விடப்படாது. ஆருக்கும்.” தெரிவு அணியின் பயிற்சியாளர் தொலைபேசி எடுத்த நாளில் மனோவின் நெஞ்சு நிறைய இருந்தது அந்தச் சட்டம்தான். சரிவந்தால் சொல்லுவோம், சரிவராவிட்டால் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை.

காரின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. திரையில் பெயர்: புஷ்பா அக்கா.

“எடுக்க வேண்டாம்,” என்றாள் சாரங்கி டெனிஷில்.

“எடுக்காட்டிச் சந்தேகப்படுவா.” மனோ பொத்தானை அழுத்தினாள். “சொல்லுங்கோ அக்கா.”

“மனோ, பிள்ளைக்கு எப்பிடி? நீ குழுவில எழுதினதை இப்பதான் பாத்தன். நேற்று நல்லாத்தானே நிண்டவள்!”

“திடீரெண்டுதான் அக்கா. நெருப்பாக் கொதிக்குது.”

“என்ன குடுத்தனி? மல்லி அவிச்சியோ?”

“ஓம் அக்கா, அவிச்சனான்.”

“ஃபோனை அவளுக்குப் பக்கத்தில வை. நான் ஜெபிக்கிறன். நீ உன்ர பிள்ளையாருக்கும் ஒரு சொல்லுச் சொல்லு, நான் கோவிக்கமாட்டன்.” ஒரு சின்னச் சிரிப்பு. உடனே குரல் மாறியது. “ஆண்டவரே, இந்தக் குஞ்சைத் தொடும். காய்ச்சலை எடுத்துப்போடும். இவளை எங்களுக்குத் திருப்பித் தாரும்…”

மனோ வீதியைப் பார்த்தாள். சாரங்கி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடித்த வாழைப்பழம் வாய்க்குள்ளேயே இருந்தது. ஜெபம் நீண்டது. மனோவின் பெயரும் தவராஜாவின் பெயரும் வந்தன. கடைசியில் காருக்குள் மூன்று பேருமாக ஆமென் சொன்னார்கள். இரண்டு பேருக்குக் குரலே எழும்பவில்லை.

புஷ்பராணி வெறும் சிநேகிதி இல்லை. மனோ கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு சொல் டெனிஷ் தெரியாது. தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று, இறைச்சி வெட்டவும் மேலாளரிடம் லீவு கேட்கவும் பழக்கியவள் அவள். சாரங்கி பிறந்த அன்று தவராஜா வேலையில் நிற்க, பிரசவ அறைக்குள் மனோவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அவள் பிள்ளை தபிதாவும் சாரங்கியும் ஒரே நாளில்தான் ஐஸில் விழுந்து எழும்பப் பழகினார்கள். தபிதா அணியின் பின்வரிசை ஆட்டக்காரி. சாரங்கிக்கு முன்னால் நின்று அடி வாங்குவது அவள் வேலை.

பிரண்டெ தாண்டியதும் ஆலங்கட்டி கலந்த மழை பிடித்தது. மறுபடியும் மணி.

“மனோ! கதவைத் திற. வாசலில நிக்கிறன்.”

மனோவின் கால் தானாகவே பிரேக்கில் அழுந்தியது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது.

“என்னக்கா… ஏன்?”

“தபிதா கோலுக்குள்ள நிக்கிறன் எண்டு சொல்லிட்டாள். நாங்கள் தோக்கிறதெண்டாலும் தோப்பம், ஆட்டத்தைக் கைவிடமாட்டம். அந்தச் சாமான் பையை மட்டும் தா. பிள்ளையை எழுப்ப வேண்டாம்.”

சாமான் பை!

கோல்கீப்பரின் கால் கவசம், நெஞ்சுக் கவசம், முகக் கூடு, பெரிய கையுறை. அத்தனையும் கிளப்புக்குச் சொந்தம். இந்த வயது அணிக்கு அந்த ஒரு பைதான் இருந்தது. அது இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நடுவர் கோலுக்குள் விடமாட்டார். அந்தப் பை இப்போது இந்தக் காரின் டிக்கிக்குள் கிடக்கிறது.

வேறு யாராவது நின்று சமாளிப்பார்கள் என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். எதைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

“அக்கா, நாங்கள்… வீட்டில இல்லை. டொக்டரிட்டக் கொண்டுபோறம்.”

“ஐயோ, அவ்வளவுக்கோ? சரி, சரி, நீ போ. பை எங்க?”

“கராஜுக்குள்ள. பூட்டிக் கிடக்கு, துறப்பு இவரிட்ட.”

“தவராஜா வேலையிலயெல்லோ? நான் போய் வாங்குறன். நேரமிருக்கு. நீ பிள்ளையைப் பார்.”

தொடர்பு அறுந்தது. மனோ அடுத்த பெற்றோல் நிலையத்துக்குள் காரை விட்டு நிறுத்திவிட்டுக் கணவனுக்கு அடித்தாள்.

“இஞ்சருங்கோப்பா, புஷ்பாக்கா அங்க வருவா. கராஜ் துறப்புக் கேப்பா. துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ.”

“நான் மெஷினில நிக்கிறன். விளங்கக் கதை.”

விளக்கிச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் மெஷினை நிறுத்தினான்.

“மனோ,” என்றான். “அந்த மனுசீன்ர முகத்தைப் பாத்து நான் எப்பிடி இதைச் சொல்லுறது?”

“நீங்கள்தானே மூச்சு விடப்படாது எண்டனீங்கள்!”

“மூச்சு விடப்படாது எண்டனான். பொய் சொல்லச் சொல்லேல்ல.”

“சொல்லுங்கோ. இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.” போனை வைத்துவிட்டாள்.

துடைப்பான் இடமும் வலமும் ஆடியது. பக்கத்தில் மெல்லிய விசும்பல் கேட்டது.

“அம்மா, திருப்புங்கோ.”

தமிழில் சொன்னாள் பிள்ளை. மனோ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப திருப்பினா நேரத்துக்குப் போகலாம். நான் விளையாடுறன். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சொல்லுவம்.”

மனோ மகளின் முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூட முற்றத்தில் சுவரோரமாகத் தனியே நிற்கும் பிள்ளை இது. வகுப்பில் கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கும் பிள்ளை. முகக் கூட்டை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றால் மட்டும் மண்டபம் அதிரக் கத்தும்: இடது பக்கம்! பின்னால் பார்! விடாதே! அந்தக் குரலை முதல்முதல் கேட்ட நாளில், இது என் பிள்ளைதானா என்று மனோ எழும்பி நின்று பார்த்தாள். அந்தக் குரல் சின்ன ஊரின் பாதி இருண்ட மண்டபத்தோடு முடிந்துபோகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“நீயே சொல்லு, பிள்ளை. திருப்பவோ?”

சாரங்கி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணீர் கன்னத்தால் இறங்கியது. அவளுக்கும் அந்த இடம் வேண்டும். உயிரைக் கொடுத்தாவது வேண்டும்.

“தெரியாது,” என்றாள் டெனிஷில்.

கார் வீதிக்கு ஏறியது. ஓகூஸ் பக்கமாக.

ஓகூஸ் மண்டபம் வெளிச்சத்தில் பளபளத்தது. புதிய சட்டைகள் போட்ட பிள்ளைகள் அம்புகள் போலப் பாய்ந்தார்கள். சாரங்கியின் பழைய கவசத்தில் ஊர்க் கிளப்பின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஒருவரும் கவசத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு றப்பர் வில்லை எங்கிருந்து வந்தாலும் அவள் அங்கே நின்றாள். விழுந்து தடுத்தாள், எழும்பித் தடுத்தாள், முழங்காலில் சறுக்கித் தடுத்தாள். கத்தவில்லை. ஒரு சொல்லும் கத்தவில்லை. அதை மனோ மட்டும்தான் கவனித்தாள்.

மடியில் கைபேசி அதிர்ந்தது. பெற்றோர் குழுவில் புஷ்பராணி டெனிஷில் எழுதியிருந்தாள்.

‘அன்பான பெற்றோரே, கோல்கீப்பருக்கான கருவிகள் கிடைக்காததால் இன்றைய ஆட்டம் கைவிடப்பட்டது. எங்கள் அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இதில் யாருடைய பிழையும் இல்லை. பிள்ளைகள் உடுப்பு மாற்றும் அறையில் அழுகிறார்கள், தயவுசெய்து கெதியாக வந்து கூட்டிச் செல்லுங்கள். சட்டைகளைத் தோய்த்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுவந்து தருகிறேன். சாரங்கி, விரைவில் சுகமடைவாய்.’

மனோ கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்துப் பெற்றோர் கைதட்டினார்கள். அவளுடைய மகள்தான் மறுபடியும் எதையோ தடுத்திருக்க வேண்டும். கண் மங்கியதால் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பயிற்சியாளர் பிர்கிட்டெ வந்தாள். நரைத்த கட்டைத் தலைமயிர், இறுக்கமான கைகுலுக்கல். “உங்கள் மகள் தெரிவாகிவிட்டாள். மாத முடிவில் எங்களோடு சுவீடனுக்கு வருகிறாள். வாழ்த்துகள்!”

இந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனையும். மனோ சிரிக்க முயன்றாள். முகம் கேட்கவில்லை.

“ஒரு உதவி,” என்றாள் தன் உடைந்த டெனிஷில். “எங்கள் ஊர்க் கிளப்பில் இதை யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம். அணிப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரியவே கூடாது. நானே பிறகு…”

பிர்கிட்டெயின் புருவம் சுருங்கியது. “புஷ்பராணிக்குத் தெரியக் கூடாதா?”

“பெயர் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமல் எப்படி?” பிர்கிட்டெ ஐஸ் பக்கம் பார்த்தாள். அங்கே சாரங்கி தனியே நின்று முகக் கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்று அவரும் கேட்டிருந்தார். தெரிவு எந்த நாள் என்று அவருக்கு நான் சொல்லவும் இல்லை. அதை நீங்களே அவருக்குச் சொல்வீர்கள் என்று நம்பியிருந்தார். சொன்ன உடனே கருவிப் பையை வாங்கிக்கொண்டு, தன் மகளைக் கோலுக்குள் நிறுத்தி ஆட்டத்தைத் தொடரலாம் என்று திட்டம். சாரங்கிக்கு இங்கே எங்களிடம் இரவல் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் டெனிஸ் பந்தை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாளாம்.”

“எனக்கு விளங்கவில்லை,” என்றாள் மனோ. அவளுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

“நாங்கள் உங்கள் ஊருக்கு வந்தது சாரங்கியைப் பார்க்க அல்ல. தபிதாவைப் பார்க்க. இந்த வருடம் உங்கள் கிளப்புக்கு எங்களிடம் ஒரேயொரு இடம்தான் இருந்தது, அதை அவளுக்குத்தான் கொடுத்தோம். அவளும் தாயும் இங்கே வந்து, இதே வாங்கில் உட்கார்ந்து, அதைத் திருப்பித் தந்தார்கள். தபிதாவுக்குச் சிநேகிதிகள் நிறைய, எங்கே நின்றாலும் வாழ்ந்துவிடுவாள்; சாரங்கிக்கு ஐஸை விட்டால் வேறொன்றும் இல்லை, அவளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணை எனக்குத் தந்தவரே புஷ்பராணிதான்.”